முகப்பருவும் வெள்ளைக் கிறீமும்

மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது நாம் பேசுவது பெரும்பாலும் காணி, வீடு, கூரைத் தகடு, விதை ஆகியவற்றைப் பற்றித்தான். பேச்சு முடிந்து நாம் எழும்பும் நேரத்தில் சில தாய்மார் மெல்லிய குரலில் இன்னொன்றைக் கேட்கிறார்கள். "சாமி, பிள்ள மொகத்தப் பாருங்க. இஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது." பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கும். நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள். மாடத்தில் ஒரு சிறிய கிறீம் டப்பா இருக்கும். விலையைக் கேட்டால், தாய் ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்த கூலி அதில் போயிருக்கும்.

பரு உயிரை வாங்கும் நோயல்ல. ஆனால் அந்த டப்பாவில் இருப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடிய பொருளாக இருக்கலாம். அதனாலேயே இம்முறை இதைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் பரு எப்படி வருகிறது என்று பார்ப்போம். நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் பக்கத்தில் எண்ணெய் சுரக்கும் சிறு பை ஒன்று உண்டு. பருவ வயதில் உடலில் ஊறும் சுரப்புநீர்களால் இந்தப் பைகள் பெருத்து, எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. உதிரும் தோலும் அந்த எண்ணெயும் சேர்ந்து துளையை அடைத்துவிடுகின்றன. எல்லோருடைய தோலிலும் வாழும் ஒருவகைக் கிருமி அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. இடம் சிவந்து வீங்குகிறது. அவ்வளவுதான். இரத்தம் கெட்டதால் வருவதில்லை. ஒழுக்கக் கேட்டாலும் வருவதில்லை. கண் தெரியாத மனிதனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்ல என்றே ஆண்டவர் சொன்னார். பருவைக் கண்டு பிள்ளையைச் சந்தேகிக்கும் பெற்றோர் அதை நினைத்துக்கொள்வது நல்லது.

கரும்புள்ளியில் தெரியும் கறுப்பும் அழுக்கு அல்ல. ஆகவே பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பதால் அது போகாது, தோல்தான் புண்ணாகும்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்தபோதும், நம் மக்கள் நெருக்கமான முகாம்களில் தங்க நேர்ந்தது. அப்படிப்பட்ட இடங்களில் பருவையும் சிரங்கையும் ஒன்றாக எண்ணிப் பிள்ளையை ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. சிரங்கு தொற்றும், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வந்து இரவில் கடுமையாக அரிக்கும். அதற்கு வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும். பரு தொற்றாது. பரு உள்ள பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கலாம்.

நம் வேலைமுறையும் பருவைக் கூட்டலாம். கூடைக் கயிற்றுக்கும் தலைத் துணிக்கும் கீழே நெற்றி வியர்த்து உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பரு அதிகமாகும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிவதும் அப்படியே. துணியை அன்றாடம் துவைத்துக் காயப்போடுவதும், வேலைவிட்டு வந்ததும் முகம் கழுவுவதும், எண்ணெயை நெற்றிக்கு இறங்காமல் வைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

இனி ஆபத்துக்கு வருவோம். பரு வருகிறது, பிள்ளை அதைக் கிள்ளுகிறது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் பரு ஆறினாலும் அந்த இடம் கறுத்து நிற்கும். கிள்ளினால் இன்னும் கறுக்கும். அந்தக் கறுப்பு சில மாதங்களில் தானாக மங்கக் கூடியது. அதுவரை பொறுக்க முடியாமல்தான் "ஒரே வாரத்தில் வெள்ளை" என்னும் கிறீமை வாங்குகிறார்கள். அதாவது, பெரும்பாலும் பருவுக்காக அல்ல, பருவின் தழும்புக்காகவே விஷத்தை வாங்குகிறோம்.

இப்படி விற்கப்படுபவற்றில் இரண்டு பொருட்களுக்கு அஞ்ச வேண்டும். ஒன்று ஸ்டீரொயிட். பெற்றாமெதசோன் போன்ற இந்த மருந்துகள் சில தோல் நோய்களுக்கு வைத்தியர் சொற்ப நாட்களுக்குக் கொடுப்பவை. முகத்தில் பூசினால் முதலில் சிவப்பு அடங்கி முகம் பளபளக்கும். அதைக் கண்டு அயல்வீட்டாரும் வாங்குவார்கள். மாதங்கள் போனால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், புதுப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். பயந்துபோய் மறுபடியும் பூசுவார்கள். அந்தச் சுழலில் இருப்பவர்கள் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மற்றது பாதரசம். அது தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதைத் தடுக்கிறது; முகம் வெளுப்பது அதனால்தான். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் எட்டும். துவாய், தலையணை வழியாக, கிறீமே பூசாத குழந்தைக்கும் சேரும். ஜப்பானின் மினமாட்டா ஊரில், தொழிற்சாலை கடலில் விட்ட வேறொரு வகைப் பாதரசம் மீன் வழியாக மீனவக் குடும்பங்களின் நரம்புகளைச் சிதைத்தது 1956இல் வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயரில் 2013இல் எழுந்த சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. பாதரசம் சேர்த்த அழகுப் பூச்சுகளுக்கு 2025க்குப் பின் இடமில்லை என்று 2023இல் கூடிய நாடுகள் தீர்மானித்தன. தீர்மானம் ஜெனீவாவில் ஆனது. டப்பா இன்னும் சந்தையில் இருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாதது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதது, வெள்ளி, தங்கம், அலுமினியத்தில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி எச்சரிப்பது ஆகிய டப்பாக்களைத் தொடவே வேண்டாம். நகையைக் கெடுப்பது கன்னத்தை விட்டுவைக்குமா? தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போவதும், பற்பசை தடவுவதும் தோலைப் பொசுக்கும். பாட்டிமார் சொல்லும் மஞ்சளில் கெடுதி அதிகமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது.

செய்ய வேண்டியது சிறிதே. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரத்தால் விரல் நுனியால் கழுவி, தனித் துவாயால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான முகாமிலும் ஒரு செம்பு போதும். கிள்ளாதீர்கள். இனிப்பு அதிகமானால் சிலருக்குப் பரு கூடுகிறது. தேநீரில் ஒரு கரண்டி சீனியைக் குறைத்துப் பார்க்கலாம்.

பரு ஆழமாக வலித்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ, பிள்ளை முகத்தை மறைத்து வீட்டுக்குள் முடங்கினாலோ வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தோட்ட வைத்தியசாலையில் காட்டி, பதுளை அரச வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். அங்கே வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை. பென்சொயில் பெரொக்சைட், அடபலீன் போன்ற பூச்சு மருந்துகளைத் தருவார்கள். முதலாவது துணியை வெளுக்கும். நல்ல சட்டையில் படவிடாதீர்கள். எந்த மருந்தும் பலன் தர எட்டு வாரமாவது ஆகும். இரண்டு வாரத்தில் "கேக்கல" என்று எறிந்துவிட்டு மறுபடியும் கடைக் கிறீமுக்குப் போனவர்கள் அநேகர். பருவுக்கான சில மாத்திரைகள் வயிற்றுச் சிசுவைப் பாதிக்கும். ஆகவே மணமான பெண்கள், கர்ப்பம் உண்டா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகும்போது மாடத்திலுள்ள அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.