கரண்ட் போனால் கை கொடுக்கும் ஜெனரேட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "யு.பி.எஸ். போதுமா, ஜெனரேட்டர் வேண்டுமா?" என்பதுதான். சாதாரண யு.பி.எஸ். தருவது சில நிமிடங்கள்தான். ஃபைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்ய அது போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஜெனரேட்டர் தேவைப்படும்.

2012ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் தினமும் 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அப்போது நான் சுந்தரபாண்டியத்தில் பள்ளி மாணவன். ஒருநாள் மழைக்குப் பயந்து, வாடகை ஜெனரேட்டரைப் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்தினோம். அரை மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. அப்பா அவரை உடனே தெருவுக்குத் தூக்கி வந்ததால் பிழைத்தார். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எவ்வளவு பெரியது வாங்குவது?

கணக்கு எளிது. கம்ப்யூட்டர், மானிட்டர் சேர்த்து 200 வாட்ஸ், 2 ஃபேன் 150, 2 டியூப் லைட் 80 என்றால் மொத்தம் 430 வாட்ஸ். இதற்கு 1 கே.வி.ஏ. போதும். பிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்ஸ்தான் எடுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல் 3, 4 மடங்கு இழுக்கும். எனவே பிரிட்ஜும் வேண்டுமென்றால் 2 கே.வி.ஏ. பாருங்கள். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட்ஸ் என்று எழுதியிருக்கலாம். அது அதிகபட்ச அளவு. எப்போதும் அவ்வளவு செலவாகாது.

கம்ப்யூட்டரை ஜெனரேட்டரில் நேரடியாக மாட்டாதீர்கள். இடையில் யு.பி.எஸ். இருக்கட்டும். ஜெனரேட்டர் ஓடும்போதும் யு.பி.எஸ். பேட்டரியிலேயே நின்று பீப் அடித்தால், 50 ஹெர்ட்ஸ் சீராக வரவில்லை என்று பொருள். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் இந்தத் தொல்லை குறைவு. விலைதான் கூடுதல்.

கவனிக்க வேண்டியவை

1. வீட்டுக்கு வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். பின்கட்டு, மாடிப்படி அடி, வராண்டா எதுவும் கூடாது. மழை படாமல் மேலே மட்டும் கூரை இருக்கலாம்.

2. ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகாதீர்கள். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, லைனில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்சும் எர்த்தும் போடுங்கள்.

3. இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள்.

4. ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் கழித்து, ஒவ்வொரு சாதனமாக ஆன் செய்யுங்கள். நிறுத்தும் முன் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் யாருக்காவது தலை வலித்தால், காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். செய்துகொண்டிருந்த வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.