நாணயக் குறி

அம்பத்தூரில் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பத்தாரின் பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்பின், பழங்காசுகள் சில கிடைத்தல் உண்டு. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் பதினாறணாக் கணக்கு மாறி, ரூபாய் நூறு பைசாவாக வகுக்கப்பட்டது. அன்று வந்த செந்நிறக் காசை மக்கள் நயா பைசா என்றனர். 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் திங்கள் இறுதியில் செல்லாதனவாயின. ஆயினும், கடையில் கொள்வாரற்ற அக்காசு ஆராய்வார்க்குப் பயன்படுவதே.

ஆண்டைக் காட்டும் எண்களின் கீழே உருப்பெருக்கியால் நோக்குக. சிறு சாய்சதுரம் மும்பை நாணயச்சாலையின் குறி. விண்மீன் ஐதராபாத்தின் குறி. 1988இல் தொடங்கிய நொய்டாச் சாலைக்கு ஒரு புள்ளி. கொல்கத்தாவுக்கோ குறியே இல்லை. குறியின்மையே அதன் குறி. சென்னையில் இருந்த நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. எடையிலோ உலோகத்திலோ குறை காணின், எச்சாலை அதற்குப் பொறுப்பென்று அறிய இக்குறி உதவும். காசையும் நேர்மையையும் நாணயம் என்னும் ஒரே சொல்லால் வழங்கும் தமிழர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

குறியின் உருவத்தை மட்டும் நோக்கினால் போதாது. அது நிற்கும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். 1985இல் சில்லறைத் தட்டுப்பாட்டால் நம் நாட்டுக் காசுகள் அயல்நாடுகளிலும் அடிக்கப்பெற்றன. அவ்வாண்டின் ஒரு ரூபாயில், சாய்சதுரம் ஆண்டின் முதல் எண்ணுக்கு நேர்கீழே இருப்பின், அது மும்பைக் காசு அன்று. வேல்சு நாட்டு இலான்றிசன்டில் அடித்தது.

இடம் மாறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அச்சு என்பது யாது என்று அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1964இல் அமைந்த தொழிற்பேட்டையின் பட்டறைகளில் 'டை' என்று வழங்கப்பெறும் எஃகுக் கருவி அதுவே. மூல அச்சிலேயே குறி வெட்டப்பட்டிருந்தால், அதிலிருந்து பிறக்கும் அச்சுகள் அனைத்திலும் குறி ஓரிடத்திலேயே நிற்கும். ஒவ்வோர் அச்சிலும் சிற்றுளி வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதித்தாலோ, மயிரிழை இடமாயினும் மாறும். சிறிது சாயவும் கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒரு சென்ட் காசுகளில் ஏறக்குறைய 1990 வரையில் குறிகள் இவ்வாறே கையால் பதிக்கப்பெற்றன.

அந்நாட்டார் 1909இல் ஆபிரகாம் லிங்கனின் உருவம் பொறித்த சென்ட் காசை வெளியிட்டனர். அதன் பின்புறத்தே, உருவம் வடித்த விக்டர் டேவிட் பிரென்னர் தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றைப் பொறித்திருந்தார். மக்கள் அதனைக் குறைகூறவே, சில நாள்களில் அவை நீக்கப்பட்டன. அதற்குள் சான்பிரான்சிசுகோச் சாலையில் 'எஸ்' குறியோடு அடித்தவை 4,84,000 மட்டுமே. குறியில்லாத பிலடெல்பியாக் காசுகளோ இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவை. அரிய காசுக்கு விலை ஏறவே, வஞ்சகர் பிலடெல்பியாக் காசில் 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்கத் தொடங்கினர். எழுத்தின் வடிவை அவர்கள் செம்மையாகவே செய்தனர் எனினும், அதன் இடம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. உண்மைக் காசுகளின் முன்புறத்தை அடித்த அச்சுகள் நான்கே. ஆதலின் 'எஸ்' நிற்கக்கூடிய இடங்களும் நான்கே. ஐந்தாம் இடத்தில் நிற்கும் எழுத்து பொய்.

நம் காசில் வஞ்சகர்க்கு ஒட்டும் வேலையும் இல்லை. மும்பைக் காசின் சாய்சதுரத்தைச் சுரண்டிவிட்டால், அது கொல்கத்தாக் காசுபோல் தோன்றும். ஆனால், சுரண்டிய இடத்தில் மெருகு கெட்டு நுண்ணிய கீறல்கள் உருப்பெருக்கியில் புலப்படும். பெட்டியில் கிடைத்த காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளிச்செனச் செய்வோர் உண்டு. அவ்வாறு தேய்த்தபின், தேய்த்த கீறல் எது, சுரண்டிய கீறல் எது என்று தேர்ந்தவர்க்கும் கூறுதல் அரிது.