மௌனப் படங்களிற் கள்வரும் வீரரும்

அரசின் ஏட்டிலே கள்வன் எனப் பதியப்பட்ட ஒருவன், குடிமக்களின் கதையிலே வீரனாக விளங்குதல் பல நாடுகளிலுங் காணப்படுவதொன்று. சலனப்படம் வாய் திறந்து பேசுமுன்னரே இத்தகையோர் திரையில் வாளேந்தித் தோன்றினர். மெய்யின் அசைவாலேயே கதை கூறவேண்டியிருந்த மௌனப் படத்துக்குப் போர்க்கலை பெரிதும் பொருந்திற்று.

யப்பானை முதலில் நோக்குவோம். குனிசாடா சூஜி என்பான் சூதாடுவோர் கூட்டமொன்றின் தலைவன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரண தண்டனை பெற்றவன். ஆயினும், பஞ்சத்தில் வாடிய ஏழைகளுக்கு உதவியவன் என மக்கள் அவனைப் போற்றினர். 1927ஆம் ஆண்டில் டாயிசுக்கே இட்டோ என்னும் நெறியாளர் அவன் கதையை மூன்று பாகங்களாகப் படமாக்கினார். ஓகோச்சி டெஞ்சிரோ சூஜியாக நடித்தார். திரையருகே நின்று கதை சொல்லும் 'பென்சி' என்போர் அக்காலத்து யப்பானியப் படங்களுக்குக் குரல் கொடுத்தனர். வாட்போரின் விரைவை மட்டுமன்றி, நோயால் உடல் தளர்ந்து அகப்படும் தலைவனின் துயரையும் அப்படம் காட்டிற்று.

சீனத்திலே, 'செந்தாமரைக் கோயில் எரிப்பு' என்னும் வாள்வீரர் படம் 1928ஆம் ஆண்டில் ஷங்காயில் தோன்றிப் பல பகுதிகளாக வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் அரசு இவ்வகைப் படங்களைத் தடைசெய்தது. அப்படம் இன்று கிடைத்திலது. சூஜியின் படமும் நெடுங்காலம் மறைந்திருந்து, 1991ஆம் ஆண்டில் ஹிரோசிமாவிற் சில பகுதிகள் மட்டும் கண்டெடுக்கப்பட்டது. இலங்கையின் முதல் மௌனப் படமாகிய 'இராஜகீய விக்கிரமய' (1925) தீக்கிரையாயிற்று.

இவ்விழப்பின் பொருளை மாத்தளையார் எளிதில் உணர்வர். 1848ஆம் ஆண்டில் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின்மீது விதிக்கப்பட்ட வரிகளை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். யூலை மாதத்தில் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. அவருடன் நின்ற புரன் அப்புவை ஆட்சியாளர் கொள்ளைக்காரரென்றே குறித்தனர்; ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொன்றனர். மக்களோ அவரை 'வீர' என்னும் அடைமொழியுடன் நினைவிற் பேணினர். அப்பெயராலேயே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1978இல் அவர் வரலாற்றைப் படமாக்கினார்.

ஏடு ஆள்வோரின் சாட்சி. கதையும் படமும் ஆளப்பட்டோரின் சாட்சி. ஏட்டிலே பகையும் படத்திலே மிகையும் கலந்திருத்தல் கூடும். ஆதலால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது. ஆனால் அரசின் ஏடுகளுக்குக் காப்பகம் உண்டு. படச்சுருளோ பேணுவாரின்றி எரிந்தும் மக்கியும் அழிகின்றது. ஒரு சாட்சி அழிந்தபின் எஞ்சிய சாட்சியே தீர்ப்பாகிவிடும். எனவே தத்தம் ஊரின் பழங்கதைகளையும் படங்களையும் தேடிப் பேணுதல் வரலாறு பயிலும் மாணவரின் கடனாகும்.