மேற்கு ஜன்னலுக்கு முதல் மரியாதை

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

வேளச்சேரி வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரி ஜீப்ரா பிளைண்ட்ஸ் போடப்போவதாக உன் அப்பா சொன்னான். முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடு.

நிறமும் துணியும் கடைக்காரர் காட்டுவார். எந்த ஜன்னலில் எப்போது வெயில் அடிக்கிறது என்பதை நீதான் பார்க்கவேண்டும். உன் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. பிற்பகலில் சூரியன் இறங்க இறங்க, வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து நேரே சோபாவுக்கு வரும். தெற்கு ஜன்னலில் மார்கழி, தை வெயில் இதமானதுதான். வடக்கில் வெயிலே வராது என்று நம்பிவிடாதே. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவெயில் வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயிலை உள்ளே தொங்கும் துணி முழுதாகத் திருப்பி அனுப்பாது. தானும் சூடாகி, அந்தச் சூட்டை அறையிலேயே விடும். ஆகவே முடிந்தவரை வெளியிலேயே மறி. இங்கே பிரெஞ்சுக்காரர் தெருக்களில், சாய்வுப் பட்டைகள் வைத்த மரக்கதவுகளை ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பார்த்திருப்பாய். வெயில் நின்றுவிடும், காற்று வரும். உங்கள் அடுக்குமாடிச் சங்கம் அதற்குச் சம்மதிக்காது என்றால், பால்கனியிலாவது மூங்கில் தட்டி கட்டு. ஐப்பசி மழைக்கு முன் சுருட்டிக் கட்டிவிடு. தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி வறண்ட ஊரில்தான் நன்றாகக் குளிரும். சென்னையின் கடற்காற்று ஏற்கெனவே ஈரம். ஹாலுக்கு உள்ளே போடுவதென்றால், கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளையாக இருக்கும் ரோலர் பிளைண்ட் போதும்.

ரோலரில் 3, 5, 10 சதவீதம் என்று துளையளவு சொல்லி ஸ்கிரீன் துணி காட்டுவார்கள். எண் கூடினால் வெளிச்சமும் வெக்கையும் கூடும். பகலில் நீங்கள் தெருவைப் பார்க்கலாம். ராத்திரி விளக்கைப் போட்டால் எதிர்வீட்டார் உங்களைப் பார்ப்பார்கள். படுக்கையறைக்கு அது உதவாது. ஜீப்ராவும் வேண்டாம், மூடினாலும் அதன் துணிப் பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் கசியும். மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர், அங்கே பிளாக்அவுட் போடு. சமையலறையில் துணி பிசுக்குப் பிடிக்கும். அலுமினியப் பட்டை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

அளவெடுக்க வருகிறவர் டேப்பை நீட்டுமுன், கொசுவலைக் கதவை முழுதாகத் திறந்து காட்டு. அது உள்பக்கம் திறக்கிறதென்றால் பிளைண்டில் இடிக்கும், கைப்பிடி துணியைக் கிழிக்கும். அங்கே சட்டத்துக்குள் பொருத்தாமல் மேலே சுவரில் உயர்த்திப் பொருத்தச் சொல். சட்டத்துக்குள் பொருத்துகிற ஜன்னலில் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுக்கவேண்டும். நம் வீட்டுப் பூச்சு எங்கும் ஒரே நேராக இருக்காது. சுவரில் பொருத்தினால் இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விடு.

கடைசியாகச் சொன்னாலும் இதில்தான் பிடிவாதமாக இரு. குட்டிப்பயல் இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு ஏறும் வயது. பிளைண்ட் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழில் தரவிதி 2018 கடைசியிலிருந்து, கடையில் தயாராக விற்கும் பிளைண்டுகளில் தொங்கும் கயிற்றை அனுமதிப்பதில்லை. கயிறில்லாததையே கேள். மணிச்சங்கிலிதான் கிடைக்கும் என்றால், தொங்காமல் இழுத்துச் சுவரோடு பொருத்தச் சொல். அவன் கட்டிலையும் ஜன்னலோரம் போடாதே.

எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆர்டர் செய்யாதே. ஹாலும் படுக்கையறையும் முதலில் ஆகட்டும். மற்ற ஜன்னல்களுக்குப் பழைய வேட்டியை மாட்டி ஒரு கோடையைப் பார். எங்கே என்ன வேண்டும் என்று அதற்குள் உனக்கே தெரிந்துவிடும், சிலவற்றுக்கு அந்த வேட்டியே போதும்.

ஆசிகளுடன்,
பெரியப்பா