அப்பாவின் கையெழுத்து இல்லாமல் ஒரு தொழில்

சொந்தத் தொழில் என்று பேச்செடுத்ததுமே வீட்டில் நாலு பேர் ஏதாவது தடை சொல்வார்கள். நாலு பேரும் ஒரே காரணத்துக்காகச் சொல்வதில்லை. அப்பாவுக்குக் கடன் பயம். அம்மாவுக்கு, "பையன் என்ன பண்றார்?" என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை. அத்தைக்கு, தன் மகன் ஓஎம்ஆரில் ஐடி கம்பெனிக்குக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போக, இவன் சத்துமாவு அரைக்கிறேன் என்கிறானே என்ற இளக்காரம். மளிகைக் கடை வைத்திருக்கும் சித்தப்பா மட்டும் போ என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். "சரக்கை யாருக்குடா குடுப்ப? காசு எத்தனை நாள்ல வரும்?" என்பார்.

இந்த நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'வீட்டில் யாரும் என்னை நம்பவில்லை' என்று சீட்டு ஒட்டிவிடாதீர்கள். அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. அம்மாவின் கவலை நியாயமானது, ஆனால் இன்றைக்குத் தீராது. ஒரு வருட வருமானம் கண்ணில் பட்டால்தான் தீரும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்தான் உடனே பதில் வேண்டும். அதையும் வாயால் சொல்ல வேண்டாம், தாளில் எழுதிக் காட்டுங்கள்.

அப்பாவின் கேள்வி

அவர் எப்போதோ ஒருமுறை சூடுபட்டிருப்பார். கட்டிய சீட்டுக் கம்பெனி ஓடிப்போயிருக்கும், அல்லது நண்பருக்கு ஜாமீன் போட்டுத் தவணையைத் தானே கட்டியிருப்பார். அவருக்கு உங்கள் திறமை மேல் சந்தேகம் இல்லை. தன் கையெழுத்து மேல்தான் பயம். எனவே 'அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது' என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, 'அவர் கையெழுத்தும் வீட்டுப் பத்திரமும் இல்லாமல் இதில் எவ்வளவு தூரம் போகலாம்' என்று பாருங்கள். நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போகலாம்.

குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை தரும் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்ரா கடன் திட்டத்தில் சிஷு பிரிவு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. விதி இருந்தும் சில கிளைகளில் "அப்பா பேர்ல வீடு இருக்கா தம்பி?" என்று கேட்பார்கள். பதறாமல், மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு சில மேலாளர்களின் தொனி மாறுவது உண்டு.

தமிழக அரசின் திட்டங்களில் இரண்டை முதலில் பாருங்கள். வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக யோசிப்பவர்களுக்கு, புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம்: 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, அதே 25 சதவீத மானியம், வட்டியிலும் 3 சதவீதம் குறையும். சொந்தப் பங்காகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதம் போட வேண்டும். பெண்களும் மற்ற சிறப்புப் பிரிவினரும் 5 சதவீதம் போட்டால் போதும். இரண்டுக்கும் வாசல் மாவட்டத் தொழில் மையம். வயது வரம்பும் தொகையும் அவ்வப்போது மாறுகின்றன. யூடியூபில் பார்த்துவிட்டுப் போகாமல், அங்கேயே நேரில் போய்க் கேளுங்கள்.

ஆர்வக்கோளாறில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மெஷினை வாங்கிப் போட்டு, பூஜையும் முடித்துவிட்டு, அதன் பிறகு மானியம் கேட்டுப் போவார்கள். இந்தத் திட்டங்கள் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கானவை. விண்ணப்பம் முதலில், மெஷின் பிறகு. இன்னொன்று, மானியம் என்பது எண்ணிக் கையில் தருகிற ரொக்கம் இல்லை. கடன் கணக்கோடு சேர்ந்து நிற்கிற தொகை. அதை நம்பிக் கைமாற்று வாங்காதீர்கள்.

கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை பெரும்பாலும் தவணை இருக்காது. அந்த ஓராண்டுதான் தொழில் ஆசை முளைக்கிற காலமும். அந்தக் கடனில் பெற்றோரில் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார். நீங்கள் தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு அவருடையதும் சரியும். நாளைக்குத் தங்கையின் படிப்புக்கு அவர் கடன் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். மாதத் தவணையைத் தொழில் வருமானத்திலிருந்து கட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு வருடத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் ராஜினாமாவுக்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில் அப்பா அம்மாவையும் சேர்த்திருப்பீர்கள்; வேலையை விட்டால் அது போய்விடும். வெளியில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று, வேலையை விடுவதற்கு முன்பே மனிதவளத் துறையில் கேட்டுவிடுங்கள். பெற்றோருக்கு நீங்கள் தருகிற ஆகப்பெரிய தைரியம் இதுவாகத்தான் இருக்கும். தன்னம்பிக்கைப் பேச்சால் ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட முடியாது.

மேடையில் சொல்லும் கதைகள்

ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல், 21 வயதில், 13,000 ரூபாய் முதலில் சென்னையில் ஐஸ்கிரீம் தொழில் தொடங்கினார். குடும்பச் சொத்தை விற்று வந்த பணம் அது. அருண் ஐஸ்கிரீமும் ஹட்சனும் அதிலிருந்து வளர்ந்தவை. கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983இல் அண்ணன் தம்பிகளோடு ஒத்துவராமல், 15,000 ரூபாயோடு குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். கெவின்கேர் நிறுவனம் வந்த வழி அது.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, 'துணிந்தவர் வென்றார்' என்று கைதட்டு வாங்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொத்தை விற்ற கதை நமக்குத் தெரிந்திருப்பதே ஐஸ்கிரீம் விற்றதால்தான். சொத்தையும் விற்று, சரக்கும் விற்காமல் போனவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இந்த இருவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பெரிய பெயர்கள் சென்னைக் கடைகளைப் பிடித்து வைத்திருந்தபோது, சந்திரமோகன் கல்லூரி விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் சரக்குக் கொடுத்தார். பிறகு மற்றவர்கள் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களுக்குப் போனார். ரங்கநாதனோ, எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் தன் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். ஜனங்கள் பழகியதும் தன் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். இரண்டு பேரும் யாரிடம் விற்பது என்பதில்தான் மூளையைச் செலவழித்தார்கள். (வீட்டோடு முறைத்துக்கொண்டு வந்த ரங்கநாதன் தன் ஷாம்புக்கு வைத்த 'சிக்' என்ற பெயர், அப்பா சின்னிகிருஷ்ணன் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது என்பது கூடுதல் தகவல்.)

சித்தப்பாவின் கேள்வி

காசு எத்தனை நாளில் வரும்? இதற்குப் பதில் தெரியாமல்தான் நன்றாக விற்கிற தொழில்கூட மூழ்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கடைகளுக்குச் சத்துமாவு போடுகிறீர்கள். தானியம், அரவை, பாக்கெட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அடக்கம் 80,000. மாதம் 20,000 லாபம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அடுத்த சரக்கு எடுக்கும்போது பழைய பில்லுக்குக் காசு தருவார், புது பில்லைக் கடனில் வைப்பார். அது 60 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முடிவில் நோட்டில் 40,000 லாபம். கையிலிருந்து போனது 1,60,000. மூன்றாம் மாதம் வியாபாரம் இரட்டிப்பாகிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள். அந்த மாதம் சரக்கு போட 1,60,000 வேண்டும், வசூலாகி வருவதோ ஒரு லட்சம். வளர வளரப் பள்ளம் ஆழமாகும்.

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் தண்டல்காரர் நிற்கிறார். 10,000 என்று பேசி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல். பத்து பர்சென்ட்தானே என்று தோன்றும். முதலும் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் லாபமே நூற்றுக்கு இருபது.

ஆகவே கையிலிருக்கும் பணத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்குக்கு மேல் மெஷினில் போடாதீர்கள். பழைய மெஷினோ, வெளியில் கூலி கொடுத்து அரைப்பதோ கௌரவக் குறைச்சல் இல்லை. கடைகளைக் குறைவாக வைத்துக்கொண்டு, ரொக்கத்துக்கு இரண்டு சதவீதம் தள்ளிக் கொடுங்கள். பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கோ சேவையோ கொடுப்பவர் என்றால் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை முதல் வாரமே செய்துவிடுங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் இணையதளம் போலி. உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராதவர் மீது மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம். தெருமுனைக் கடை அண்ணாச்சி மீது இதைப் பிரயோகிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

சித்தப்பா போன்றவரிடம் வாதாடாமல் வேலை கேளுங்கள். ஒரு விநியோகஸ்தரிடம் மூன்று மாதம் கடை கடையாக லைன் போய்ப் பாருங்கள். எந்தக் கடை காசு தரும், எது 'நாளைக்கு வா' என்னும், எந்தச் சரக்கு பரணில் தூசி படிந்து கிடக்கிறது என்பதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் தெருவுக்கொரு மரச்செக்கு எண்ணெய்க் கடை வந்ததே, அதில் எது எதற்காக மூடியது என்று உங்கள் ஊர்ச் சித்தப்பாக்களுக்குத் தெரியும். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கே போனார்கள். வேலையைக் கற்றுத் திரும்பிய பிறகுதான் ஊரில் தொழில் தொடங்கினார்கள்.

மகள் என்றால்

அவளுக்கு வரும் எதிர்ப்பு வேறு ஜாதி. "கல்யாணம் ஆகட்டும், மாப்பிள்ளை வீட்டில் சரின்னா பார்த்துக்கலாம்." இதில் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதற்கு ஒரே பாதுகாப்பு, தொழில் அவள் பெயரில் இருப்பது. அலைச்சல் வேண்டாமே என்று வங்கிக் கணக்கையும் உத்யம் பதிவையும் அண்ணன் பெயரில் போடுவார்கள். மூன்று வருடம் உழைத்த பிறகு வங்கியில் மதிப்பு அண்ணனுக்கு இருக்கும், அவளுக்கு இருக்காது. நகையை வைத்து முதல் போடுவதாக இருந்தால், எந்த நகை, எவ்வளவு, எப்போது மீட்பது என்பதை அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வையுங்கள்.

ஒரு பக்கத் தாள்

இவ்வளவும் யோசித்த பிறகு அப்பாவிடம் உட்காருங்கள். விருந்தாளி இருக்கும்போது வேண்டாம். தாளில் நாலு விஷயம் போதும். மொத்தம் எவ்வளவு போடப் போகிறேன், அதில் யார் பணம் எவ்வளவு. வீட்டுக்கு மாதம் தருவதில் குறைந்தது பாதியாவது எங்கிருந்து வரும். எதைத் தொட மாட்டேன்: வீடு, தங்கை நகை, உங்கள் ஓய்வுப் பணம். எந்தத் தேதியில், என்ன நிலைமை இருந்தால் நிறுத்துவேன்.

நாலாவதுதான் அவரை அசைக்கும். "ஜெயிச்சுக் காட்டுறேன்பா" என்பதை அவர் சினிமாவிலேயே நிறையப் பார்த்துவிட்டார். "பதினெட்டு மாசம், மூணு லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபா போட மாட்டேன்பா" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். அப்போதும் சம்மதம் கிடைக்காமல் போகலாம். அவர் பணமும் கையெழுத்தும் இதில் இல்லையென்றால் அந்தச் சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்பித்துவிட்டு, மாதாமாதம் கணக்கு நோட்டை அவர் பார்க்கும்படி வையுங்கள். கேட்காமலே புரட்டுவார்.

நிறுத்தும் தேதி வந்து, நிலைமை சரியில்லை என்றால் நிறுத்துங்கள். ஆள் கூலி முதலில், சரக்குக் கொடுத்தவர்கள் அடுத்து, வங்கியில் போய்ப் பேசித் தவணையை மாற்றிக்கொள்வது அதற்கும் அடுத்து. ஜிஎஸ்டி பதிவு எடுத்திருந்தால் ரத்து செய்ய மறக்காதீர்கள். கடையை மூடிவிட்டோம், வியாபாரமே இல்லையே என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால், பூஜ்ய ரிட்டர்னுக்கும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. வீட்டில் நீங்களே சொல்லுங்கள், சரக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பாக.