வளரும் பையனுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைகிறதா?

வெயில் காலம் வந்தால் நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சில்லுமூக்கு உடைவது வழக்கம்தான். மூக்கின் நடுத்தண்டில், முன்பக்கமாக மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. காற்று வறண்டாலோ விரலால் நோண்டினாலோ அவை கீறிக்கொள்ளும். பிள்ளையை உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அண்ணாந்து படுக்க வைக்காதீர்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கும்.

நாம் இங்கே பேசவந்தது வேறொன்று. 10 முதல் 20 வயதுக்குள் உள்ள ஆண்பிள்ளை. ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்தே இருக்கிறது. வலியில்லாமல், அடிபடாமல் அடிக்கடி ரத்தம் கொட்டுகிறது. உளூவின்போது ஒரு பக்கம் தண்ணீர் ஏறவே இல்லை என்று அவன் சொன்னால் அதையும் காதில் வாங்குங்கள். இந்த வயதுப் பையன்கள் எதையும் வீட்டில் சொல்வதில்லை. தலையணை உறைதான் சொல்லும்.

இது ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். அரிதானது, ஏறக்குறைய ஆண்பிள்ளைகளுக்கே வருவது. புற்றுநோய் அல்ல. ஆனால் மூக்கின் பின்கோடியில் தொடங்கி, எலும்பைத் தள்ளிக்கொண்டு கன்னம், கண்குழி, மண்டையோட்டின் அடித்தளம் வரை போகக்கூடியது. அதிலுள்ள ரத்தக்குழாய்களின் சுவரில் சுருங்குவதற்கான தசை சரியாக இருப்பதில்லை. அதனால்தான் உடைந்தால் ரத்தம் எளிதில் நிற்பதில்லை.

ஆபத்து இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சதை வளர்ச்சி போலவே தெரியும். மருந்து வைத்து உதிரவைக்கிறேன் என்பவரிடம் போகவே கூடாது. சோதனைக்கு ஒரு துண்டு வெட்டி எடுப்பதுகூட உயிருக்கு ஆபத்தாகலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பால் பார்ப்பார். பிறகு ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மேல்தாடை எலும்பின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருப்பது முக்கியமான அடையாளம். 1965-இல் ஹோல்மன், மில்லர் என்ற இருவர் எழுதியது. கத்னாவின்போதோ பல் பிடுங்கியபோதோ ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாத நோய் வேறு இருக்கிறதா என்று அறியத்தான் கேட்கிறார்.

சிகிச்சை அறுவைதான். அதற்கு ஓரிரு நாள் முன்பு, கட்டிக்கு ரத்தம் தரும் குழாயைத் தொடையிலிருந்தோ கையிலிருந்தோ செலுத்தும் மெல்லிய குழாய் வழியாக அடைத்துவிடுவார்கள். ரத்த இழப்பு வெகுவாகக் குறையும். பல கட்டிகளை இப்போது முகத்தில் கீறாமல் மூக்கின் வழியாகவே எடுக்கிறார்கள். ஆனாலும் ரத்தம் தயாராக இருக்க வேண்டும். உறவினர்கள் ரத்ததானத்துக்கு முன்வாருங்கள்.

நமக்கு அருகில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம். பெரிய கட்டியாக இருந்தால் எங்கே போவதென்று அவர்களே சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், செலவு விவரத்தை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு மூக்கின் நடுத்தண்டில் சிறு சிவப்புக் கட்டி வந்து ரத்தம் கசிவதுண்டு. அது வேறு வகை, பயப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும், இல்லையென்றால் எளிதாக எடுத்துவிடலாம். ஆனால் பையன்களின் கட்டி, எடுத்த பிறகும் திரும்ப வரக்கூடியது. மூக்கு திறந்துவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுக்க வேண்டும், சில ஆண்டுகள் வரை.