தலைமடையும் கடைமடையும்: கணிப்பொறித் தொகுதியில் வளப் பங்கீடு

நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளைக் கடந்து, எல்லைக்கு அப்பால் தமிழகத்தின் விளவங்கோடு வரை செல்கிறது. முறை வகுக்கப்படாத கால்வாயில் தலைமடையில் உள்ளவர் வேண்டிய மட்டும் பாய்ச்சுவார். கடைமடையில் உள்ளவர் காத்துக் கிடப்பார். பலர் பகிர்ந்துகொள்ளும் கணிப்பொறித் தொகுதியிலும் இதே சிக்கல் எழுகிறது.

தொகுதியும் அதன் சிக்கலும்

வலைப்பின்னலால் இணைக்கப்பட்டு, ஒரே இயந்திரம்போல் பணியாற்றும் பல சர்வர்களே தொகுதி எனப்படும். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2011இல் அமைத்த சாகா-220 இவ்வகையைச் சேர்ந்தது. பங்கிடும் மென்பொருள் இல்லாத தொகுதியில், ஒரே சர்வரில் பலர் பணிகளை ஏற்றுவதால் நினைவகம் தீர்ந்து எல்லாம் முறியும். அருகிலுள்ள சர்வரோ வெறுமனே இருக்கும். இக்குறையைப் போக்கும் மென்பொருள்களுள் ஸ்லர்ம் பரவலாக வழங்குகிறது. இது அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் உருவானது.

நிறுவும் முறை

இயங்கிவரும் தொகுதியில் இதனை நிறுவுகையில் நடப்புப் பணிகள் தடைப்படலாகாது.

1. எல்லாச் சர்வர்களிலும் பயனர் அடையாள எண்கள் ஒன்றாகவும், கடிகாரங்கள் ஒத்தும் இருத்தல் வேண்டும்.

2. ஒரே இரகசியச் சாவிக் கோப்பை எல்லாவற்றிலும் வைத்தல் வேண்டும். சர்வர்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு இதுவே அடிப்படை.

3. ஒரு சர்வரில் மையக் கட்டுப்பாட்டு நிரலையும், ஏனையவற்றில் அதன் கட்டளையை ஏற்கும் நிரலையும் நிறுவி, ஒவ்வொன்றின் நினைவகம், செயலி எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும்.

4. முதலில் இரண்டு மூன்று சர்வர்களை மட்டும் மாற்றிச் சோதித்தபின், மற்றவற்றை அவற்றின் பணிகள் முடிய முடியச் சேர்க்க வேண்டும்.

5. இறுதியாக, வரிசையில் நில்லாது சர்வர்களில் நேரே நுழையும் வழியை அடைக்க வேண்டும். இவ்வழி திறந்திருப்பின் மற்றவை யாவும் வீணாகும்.

பங்கீட்டின் நுட்பம்

பத்துச் சர்வர்களில் எட்டு இன்னும் மூன்று மணி நேரத்திற்குப் பணியில் உள்ளன. பத்தும் வேண்டிய பெரிய பணியொன்று காத்திருக்கிறது எனக் கொள்வோம். எஞ்சிய இரண்டில் ஒரு மணி நேரச் சிறு பணியை மென்பொருள் நடத்தி முடித்துவிடும்; பெரிய பணி தாமதமாகாது. இதற்குப் பயனர் ஒவ்வொருவரும் தம் பணிக்கு வேண்டிய கால அளவைக் குறிப்பிட வேண்டும். மேலும், அண்மையில் மிகுதியாகப் பயன்படுத்தியவரின் முன்னுரிமையைக் குறைக்குமாறும் விதி அமைக்கலாம். பழைய பயன்பாட்டின் கணக்கு, வழக்கமான அமைப்பின்படி ஏழு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் சிறு பணிக்கும் இவ்வாறு முறை கிட்டுகிறது.

முடிவுரை

எனினும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. அது பயன்படுத்துவோர் முன்னதாகக் கூடி முடிவு செய்ய வேண்டியது. இரு மாநிலங்களிடையே உடன்பாடு இன்மையால் நெய்யாற்று நீர் 2004இல் விளவங்கோட்டிற்கு நின்றபோது, கால்வாயும் மதகும் இருந்தும் வயல்கள் வறண்டன. நிர்வாகிகள் முதலில் எழுத வேண்டியது பங்கீட்டு உடன்பாட்டையே. நிறுவுதல் அதன்பின் வருவது.